கெய்ரோவுக்கு ஒன்றரை நாள் போதுமா?

கேள்வி, 2025 நவம்பர் 11

ஜனவரியில் குடும்பத்தோடு எகிப்து போகிறோம். போய்வந்த நண்பர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: கெய்ரோவில் பிரமிடும் மியூசியமும் தவிர ஒன்றுமில்லை, இரைச்சலும் தூசியும்தான், ஒன்றரை நாளில் முடித்துவிட்டு லக்சருக்கு ரயிலேறு என்று. அப்படியே திட்டம் போட்டுவிடலாமா?

நவம்பர் 11, இரவு

போடாதீர்கள். அந்த ஒன்றரை நாளில் நீங்கள் பார்க்கப்போவது கெய்ரோவே இல்லை. பிரமிடுகள் இருப்பது நைலுக்கு மேற்கே, கீசாவில். புதிய பெரிய அருங்காட்சியகமும் அங்கேதான். கெய்ரோ கிழக்குக் கரையில் வளர்ந்த ஊர். ஃபாத்திமிய கலீஃபாவின் படைத்தலைவர் ஜவ்ஹர் 969-இல் அங்கே புது ஊருக்கு மதில் எழுப்பத் தொடங்கியபோது கூஃபுவின் பிரமிடுக்கு 3500 வயது ஆகியிருந்தது.

பிரமிடைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு நாள், அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள். அது போக கெய்ரோவுக்கென்று நான்கு நாள் வையுங்கள். லக்சரையும் குறைக்க வேண்டாம். செங்கடல் கடற்கரை திட்டத்தில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

நவம்பர் 12

நான்கு நாள் என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு தெருவில் தொடங்குங்கள். முயிஸ் தெரு. வடக்கே பாப் அல்-ஃபுதூஹ் வாசல், தெற்கே பாப் ஸுவேலா வாசல், நடுவில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். வடக்கு வாசல் 1087-இல் கட்டியது, தெற்கு வாசல் 1092-இல். ஒரு காலை முழுவதும் நடந்தும் எனக்கு அந்தத் தெரு தீரவில்லை. மெட்ரோவில் பாப் எல்-ஷாரியா நிலையத்தில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் வடக்கு வாசல். அங்கிருந்து தெற்கே வாருங்கள், திசையை மாற்றாதீர்கள். பாப் ஸுவேலாவின் மேல் ஏறி, நடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்ப்பதுதான் அந்த நடையின் பலன்.

வாசலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் அல்-ஹாக்கிம் பள்ளிவாசல், 1013-இல் கட்டி முடித்தது. பல நூற்றாண்டு பாழாகிக் கிடந்ததை 1980-இல் எடுத்துப் புதுப்பித்தவர்கள் நம் நாட்டு தாவூதி போஹ்ராக்கள். மும்பையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து கட்டினார்கள். ஃபாத்திமிய கலீஃபாக்களின் இமாம் மரபிலிருந்து வந்தது அவர்கள் சமயம், அதனால் இது அவர்களுக்குத் தாய்வீடு. மீண்டும் ஒரு பெரிய சீரமைப்பு முடிந்து 2023-இல் திறந்தார்கள். தங்கக் கரை போட்ட வெள்ளைத் தொப்பியும் பெண்களின் வண்ண ரிதா அங்கியுமாக குஜராத்தி பேசும் குடும்பங்களை அந்த முற்றத்தில் பார்ப்பீர்கள். முற்றத்துப் பளிங்கு மிகவும் பளபளப்பாக இருக்கிறது, பழமை போய்விட்டது என்று கட்டடக்கலை படித்தவர்கள் குறைப்படுவார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. சிறைச்சாலையாகவும் குதிரை லாயமாகவும் கிடந்த இடத்தில் இன்று குழந்தைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் தூணில் சாய்ந்து தூங்குகிறார்கள். தொழுகை நடக்கும் கட்டடம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் அல்-அக்மர், 1125. சின்னப் பள்ளிவாசல், பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். நின்று முகப்பைப் பாருங்கள். முகப்பு தெருவோடு சேர்ந்து நிற்கிறது, உள்ளே தொழுகைக் கூடமோ மக்காவின் திசைக்குத் திரும்பியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசத்தை முகப்புச் சுவரின் தடிமனுக்குள் மறைத்துவிட்டார் கொத்தனார். தெருவும் வேண்டும், திசையும் வேண்டும் என்ற இந்தச் சிக்கலைக் கெய்ரோவில் முதலில் தீர்த்த கட்டடம் இதுதான். பின்னால் ஆண்ட மம்லூக் சுல்தான்களின் கட்டடங்கள் பலவும் இந்த வழியைப் பின்பற்றின.

அப்புறம் கலாவூன் வளாகம். 1284-85-இல், ஓராண்டு சொச்சத்தில், கல்லறை, மதரசா, மருத்துவமனை மூன்றையும் சேர்த்துக் கட்டினார்கள். அந்த மருத்துவமனை இடத்தில் இன்றும் ஒரு கண் மருத்துவமனை நடக்கிறது. 740 ஆண்டுக்குப் பிறகும் அதே மனையில் நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லறை மண்டபத்தில் வண்ணக் கண்ணாடி வழியே விழும் வெளிச்சத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள். எடுத்த பிறகு போனைப் பையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள்.

கலாவூனுக்கு வருவதற்குச் சற்று முன்பே, தெரு இரண்டாகப் பிரியும் முனையில் 1744-இல் கட்டிய அப்துர் ரஹ்மான் கத்குதாவின் கட்டடம். கீழே வழிப்போக்கருக்குக் குடிதண்ணீர், மேலே பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளி. இந்த ஊரில் இந்த இரண்டும் சேர்ந்தே வரும், பல தெருமுனைகளில் பார்க்கலாம்.

அல்-அஸ்ஹர் சாலையைத் தாண்டினால் கூரி வளாகம், துணிக்கடைகள், கடைசியில் பாப் ஸுவேலா. வாசலின் இரண்டு கோபுர அடிகள் மேலும் முஅய்யத் பள்ளிவாசலின் மினார்கள் ஏறி நிற்கின்றன. துருக்கிய உஸ்மானியர்கள் நகரைப் பிடித்தபோது கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பேயை 1517-இல் இங்கேதான் தூக்கிலிட்டார்கள். டிக்கெட் வாங்கினால் மினாரில் ஏறலாம். படி குறுகல், பெரியவர்கள் யோசித்து ஏறவும்.

நவம்பர் 13

விட்டுப்போன ஒன்று. வெள்ளிக்கிழமை நண்பகலில் இதைச் செய்யாதீர்கள். பள்ளிவாசல்களில் ஜும்ஆ தொழுகை நடக்கும், பார்வையாளருக்கு அனுமதி இருக்காது. ஊரே மெதுவாக எழும் நாள் அது. வார விடுமுறை அங்கே வெள்ளியும் சனியும்.

நவம்பர் 15

கான் எல்-கலீலி பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதுதான் கெய்ரோவின் இதயம் என்கிறார். இல்லை. அது 1382-இல் ஜஹார்கஸ் அல்-கலீலி என்ற அமீர் கட்டிய வணிகர் சத்திரத்திலிருந்து வளர்ந்த சந்தை. இன்று அதன் முன்வரிசைக் கடைகள் முழுக்க வெளியூர்க்காரருக்காகவே நடக்கின்றன. சீனத்தில் செய்த பிரமிடு பொம்மை வாங்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாப் ஸுவேலாவுக்கு வெளியே கையாமியா தெருவுக்குப் போங்கள். கூரை போட்ட தெரு, 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், இரண்டு பக்கமும் கூடாரத் துணி தைப்பவர்கள். ஆண்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து ஊசியும் நூலுமாக ஒட்டுத்துணி வேலை செய்கிறார்கள். கடையும் பட்டறையும் ஒன்றே. நான் ஒரு தலையணை உறை வாங்கினேன். தைத்தவரே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

நவம்பர் 19

பணத்தாளைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். எகிப்தியப் பணத்தாள்களின் ஒரு பக்கத்தில் கெய்ரோவின் பள்ளிவாசல்களை அச்சிட்டிருக்கிறார்கள். 5 பவுண்டில் இப்னு துலூன், 20-இல் கோட்டை மேலிருக்கும் முகமது அலி, 100-இல் சுல்தான் ஹசன், 200-இல் கானிபாய். 1 பவுண்டுத் தாள் கிடைத்தால் அதில் காயித்பாய். பயண வழிகாட்டி நூல் எதுவும் வேண்டாம், சட்டைப்பையில் இருப்பதை வரிசையாகப் பார்த்து முடித்தாலே போதும்.

அரபி எண்களை விமானத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். பத்து வடிவங்கள்தான். நாம் சைபர் என்று படிக்கும் வட்டம் அங்கே ஐந்து. சைபர் வெறும் புள்ளி. இது தெரிந்தால் காய்கறி வண்டி விலைப்பலகை, பேருந்து எண் எல்லாம் படிக்கலாம். விலை கேட்காமல் பலகையைப் பார்த்துச் சரியான காசை நீட்டுபவரிடம் யாரும் கூட்டிச் சொல்வதில்லை.

அரசு நினைவிடங்கள் பலவற்றில் டிக்கெட்டுக்கு இப்போது கார்டு மட்டும்தான் வாங்குகிறார்கள். சில்லறைத் தாள்களை பக்ஷீஷுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுங்கள், மனமுவந்து கொடுங்கள். அது அவருடைய வருமானம்.

நவம்பர் 23

பெண்களுக்குப் பாதுகாப்பா, ஏமாற்றுவார்களா என்று அடுத்தடுத்துக் கேள்விகள். என் மனைவியும் வந்திருந்தாள், அதனால் அவள் சொன்னதை எழுதுகிறேன். மெட்ரோவில் நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு. அவள் தனியாகப் போகும்போதெல்லாம் அதில்தான் ஏறினாள். பாட்டிகள் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்துப் பேசிக்கொண்டே வந்தார்களாம். கீசா வாசலிலும் தஹ்ரீர் சதுக்கத்தின் பக்கத்திலும் சீண்டல் பேச்சு கேட்டிருக்கிறது. பழைய ஊரின் சந்துகளில் கேட்கவில்லை, அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இது ஒருத்தியின் அனுபவம், எல்லோருக்கும் இப்படியே அமையும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஏமாற்றுவது பெரும்பாலும் ஒரே மாதிரி. நல்ல உடை போட்ட ஒருவர் வந்து, மியூசியம் இப்போது தொழுகைக்காக மூடியிருக்கிறது, இரண்டு மணிக்குத் திறக்கும், அதுவரை என் கடைக்கு வாருங்கள் என்பார். மூடியிருக்காது. நேரே வாசலுக்குப் போய்விடுங்கள். கீசாவில் ஒரு வழிகாட்டி எங்களையும் பாப்பிரஸ் என்ற பழங்கால நாணல் தாள் விற்கும் கடை என்று ஓரிடத்துக்குக் கூட்டிப்போனார், வாழை நாரில் செய்த தாளைக் காட்டினார்கள். கையில் எடுத்து மடித்துப் பார்த்ததும் முறிந்தது, எழுந்து வந்துவிட்டோம். கோபப்பட வேண்டியதில்லை. "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போங்கள்.

சாலையைக் கடப்பதுதான் உண்மையான ஆபத்து. ஊர்க்காரர் ஒருவரின் ஓரமாகச் சேர்ந்துகொண்டு அவர் காலடியிலேயே கடந்துவிடுங்கள். நடுவில் தயங்கி நிற்கக் கூடாது.

டிசம்பர் 2

சைவம் கிடைக்குமா? தாராளமாக. கோஷரி என்று தெருவுக்குத் தெரு விற்கிறார்கள்: சோறு, முழு மைசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறு, மொறுமொறு வெங்காயம். பூண்டுக் காடியும் காரச் சாறும் தனியாக வைப்பார்கள். காரத்தைப் பார்த்து ஊற்றுங்கள், நமக்கே சுரீரென்று ஏறும். காலையில் ஃபூல், அதாவது பெரிய மொச்சையை இரவெல்லாம் வேகவைத்து மசித்தது. அதே மொச்சையை ஊறவைத்து, பச்சைத் தழை சேர்த்து அரைத்துப் பொரித்தால் தாமியா. கோதுமை ரொட்டியில் வைத்துக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. கோப்டிக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 200 நாளுக்கு மேல் நோன்பிருக்கிறார்கள். நோன்பு நாளில் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. அந்தச் சாப்பாட்டுக்கு "சியாமி" என்று பெயர். கடையில் சைவம் என்று விளக்கிக்கொண்டிருக்காமல் சியாமி வேண்டும் என்று கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். மீன் மட்டும் சில நோன்புகளில் அனுமதி, அதை முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டிசம்பர் 9

பழைய கெய்ரோவைப் பற்றி இன்னும் எழுதவில்லை. நீளமாக எழுத வேண்டும் என்பதால்தான் தள்ளிப்போட்டேன்.

கெய்ரோ நான்காவது ஊர். முதலில் 641-இல் ஃபுஸ்தாத். அடுத்து அப்பாஸிகளின் அல்-அஸ்கர், பிறகு இப்னு துலூனின் அல்-கதாயி, கடைசியில்தான் ஜவ்ஹரின் அல்-காஹிரா. தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வோர் ஆட்சியும் தன் ஊரைத் தள்ளித் தள்ளிக் கட்டியது. 905-இல் அல்-கதாயியை இடித்தபோது பள்ளிவாசலை மட்டும் விட்டுவைத்தார்கள். அதுதான் 5 பவுண்டுத் தாளில் இருக்கும் இப்னு துலூன், 879-இல் முடித்தது. ஆறு ஏக்கருக்கு மேல் பரப்பு, செங்கல் தூண்கள், வெளியே சுற்றும் படி வைத்த மினார். அந்தக் கட்டட முறை ஈராக்கின் சமர்ராவிலிருந்து வந்தது. முயிஸ் தெருவில் இருக்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே வருவதில்லை. எனக்குக் கெய்ரோவில் மிகவும் பிடித்த இடம் அதுதான், சந்தேகமே இல்லை.

மார் கிர்கிஸ் மெட்ரோவில் இறங்கினால் எதிரிலேயே ரோமானியக் கோட்டை. அதன் வாசல் மேல் கட்டிய, "தொங்கும் தேவாலயம்" என்று பெயர் பெற்ற ஆலயம், உள்ளே பென் எஸ்ரா யூத ஆலயம். இந்த ஆலயத்தை 2023-இல் சீரமைத்துத் திறந்தார்கள். இதன் மேல்மாடி அறையில்தான் கெனிசா என்ற பழைய தாள் குவியல் கிடந்தது. இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பதால் தாள் எல்லாவற்றையும் அங்கே போட்டுவைத்தார்கள். கடிதம், கணக்கு, திருமண ஒப்பந்தம், பிள்ளைகளின் பாடத்தாள் என 3 லட்சத்துக்கும் அதிகமான துண்டுகள். 1896-97-இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார்.

அந்தத் துண்டுகளில் நம் கரையும் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் துனீசியாவில் பிறந்த ஆப்ரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் மங்களூரில் பல ஆண்டு குடியிருந்து, வெண்கலப் பட்டறை நடத்தி, மிளகு ஏற்றுமதி செய்தார். ஏடனிலிருந்து அவருக்கு வந்த கடிதங்கள் இந்த அறையில்தான் கிடைத்தன. தமிழ் பிராமி எழுதிய பானையோடுகள் எகிப்தில் கிடைத்ததே, அதுவும் இங்கேயா என்று ஒருவர் கேட்டார். இல்லை. அவை செங்கடல் துறைமுகங்களான பெரெனிகேயிலும் குசைர் அல்-காதிமிலும் கிடைத்தவை. கெனிசாவுக்கு ஆயிரம் ஆண்டு முந்திய கதை.

அங்கிருந்து ரோடா தீவுக்கு நடந்தே போகலாம். தெற்கு முனையில் 861-இல் கட்டிய நைல் அளவுமானி. ஆழமான குழி, நடுவில் எண்கோணப் பளிங்குத் தூண், அதில் முழக்கணக்கு. ஆற்றுத் தண்ணீர் மூன்று சுரங்கக் கால்வாய் வழியே உள்ளே வந்து ஏறும். 16 முழம் ஏறினால் அந்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும், வரியும் அதற்கேற்ப. குறைந்தால் பஞ்சம், மிகவும் ஏறினால் வெள்ளம். ஆகஸ்ட் மாதம் வெள்ளம் நிறைவதைக் கொண்டாடினார்கள், காவிரிக் கரையில் நாம் ஆடிப்பெருக்கு கொண்டாடுவதைப் போலவே, ஏறக்குறைய அதே நாட்களில். அஸ்வான் உயர் அணை 1970-இல் முடிந்தபின் நைல் பெருகுவதில்லை. கால்வாய்கள் அடைபட்டுக் குழி வறண்டிருப்பதால்தான் நாம் படியிறங்கிப் போக முடிகிறது. அந்தப் படிகளில் இறங்கியபோது எனக்கு மேட்டூருக்குக் கீழே மணலாகக் கிடக்கும் காவிரிதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 10

கான் எல்-கலீலியை ரொம்பவே தள்ளிவிட்டேன் என்று கூடவே வந்த என் மனைவி சொல்கிறாள். முன்வரிசையைத் தாண்டிப் பின்சந்துக்குள் போனால் பித்தளை தட்டும் பட்டறைகள் இருக்கின்றன, சுல்தான் கூரி 1511-இல் எழுப்பிய செதுக்கு வாசல் ஒன்றும் இருக்கிறது. கடை திறக்கும் காலை நேரத்தில் போய் அந்த வாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள். பொம்மை விஷயத்தில் என் கருத்தில் மாற்றமில்லை.

டிசம்பர் 20

அருங்காட்சியகம் எது என்ற குழப்பம் பலருக்கு. கீசாவில் இருப்பது 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த பெரிய அருங்காட்சியகம். துட்டன்காமனின் கல்லறைப் பொருட்கள் 5000-க்கும் மேல், முகமூடி உட்பட, அங்கே ஒன்றாக இருக்கின்றன. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். தஹ்ரீரில் இருப்பது 1902-இல் திறந்த பழைய கட்டடம், அதை மூடவில்லை. அரச மம்மிகள் இந்த இரண்டிலும் இல்லை. 22 மம்மிகளையும் 2021 ஏப்ரலில் ஊர்வலமாக ஃபுஸ்தாத்திலுள்ள நாகரிக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

யாரும் சொல்லாதது பாப் அல்-கல்க்கில் உள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். 2014 ஜனவரியில் எதிரே வெடித்த கார் குண்டில் கண்ணாடிப் பொருட்கள் நொறுங்கின. ஒட்டவைத்து, சீராக்கி 2017-இல் மீண்டும் திறந்தார்கள். முயிஸ் தெருவில் பார்த்த பள்ளிவாசல்களில் ஒரு காலத்தில் தொங்கிய விளக்குகளின் வகை இங்கே இருக்கிறது, எனாமல் எழுத்தோடு. தெருவை நடந்த மறுநாள் போனால் இரண்டும் சேர்ந்து முழுமையாகும்.

ஜனவரி 27, 2026

ஊர் திரும்பி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சுல்தான் ஹசன் பள்ளிவாசலில் பிள்ளைகள் சத்தம் போட்டு எதிரொலி கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது பெரும் மகிழ்ச்சி. கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோயில் குடும்பம் குடும்பமாக மாண்டவர்களின் வாரிசில்லாச் சொத்து அரசுக்கு வந்தது, அந்தப் பணத்தில் 1356-இல் தொடங்கிய கட்டடம் அது. கட்டவைத்த சுல்தானைக் கொன்றுவிட்டார்கள், உடல் கிடைக்கவே இல்லை. அவருக்காகக் கட்டிய கல்லறையில் அவர் இல்லை.

கல்லறை ஊர் என்ற பழைய இடுகாட்டுப் பகுதியில் சாலைக்காக இடித்த சமாதிகளைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான். காயித்பாய் வளாகம் 1474-இலிருந்து நிற்கிறது, அதற்கு ஆபத்தில்லை. ஆனால் 2020-க்குப் பிறகு மேம்பாலத்துக்கும் சாலைக்கும் வழிவிட பல பழைய குடும்பச் சமாதிகளை எடுத்துவிட்டார்கள். எகிப்தியக் கட்டடக் கலைஞர்களும் வரலாற்று ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்து, செதுக்கிய கல்வெட்டுகளைப் படம் எடுத்துப் பதிவு செய்துவருகிறார்கள். கிழக்கே பாலைவனத்தில் புதிய நிர்வாகத் தலைநகரம் எழுந்து 2023-இல் அமைச்சகங்கள் அங்கே போயின. தலைநகரைத் தள்ளித் தள்ளிக் கட்டும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் 905-இல் இடித்தவர்கள்கூடப் பள்ளிவாசலைத் தொடவில்லை என்பதை இன்று இடிப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 8

புதிதாக ஒருவர்: நோன்பு மாதத்தில் போகலாமா? இந்த ஆண்டு ரமலான் பிப்ரவரி மூன்றாம் வாரம் தொடங்குகிறது. போகலாம். நினைவிடங்களைச் சீக்கிரம் மூடுவார்கள், அதனால் காலையிலேயே பார்த்துவிடுங்கள். பகலில் தெருவில் நின்று சாப்பிட வேண்டாம். சாயங்காலம் தெருவில் நீள மேசை போட்டு வருகிறவர் எல்லோருக்கும் நோன்பு திறக்கச் சாப்பாடு வைப்பார்கள், வெளியூர்க்காரரையும் கூப்பிடுவார்கள். இரவு பத்துக்கு மேல் முயிஸ் தெரு முழுக்க ஃபானூஸ் விளக்கு எரியும், கைக்குழந்தையோடு குடும்பங்கள் நடக்கும். நோன்பு திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் டாக்ஸி பிடிக்காதீர்கள். ஊர் முழுக்க அப்போதுதான் வீட்டுக்கு ஓடும்.